பேரவையைக் காப்பாற்றிய லிஃப்ட் மெக்கானிக்

சர்வதேச மாணவர் தோழமைப் பேரவையின் தலைவருக்கு வயது நாற்பத்தாறு. தலைவராக இருப்பவர் மாணவராகவும் இருக்க வேண்டும் என்று பேரவை விதி சொல்வதால், மூன்றாவது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, படிக்காமல் இருந்தார். படித்து முடித்தால் பதவி போய்விடுமே. பேரவைக்காகத் தன் படிப்பையே தியாகம் செய்தவர் என்று அங்கே அவரைப் பற்றி மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள்.

இந்தத் தியாகியைத்தான் சின்னவள் பார்க்கப் போனாள். அண்ணனுக்கு அடுத்துப் பிறந்தவள் என்பதால் வீட்டில் அவள் சின்னவள். நாடு விட்டு நாடு வந்து மண்ணியல் படித்துக்கொண்டிருந்தாலும் போனில் அப்பா அப்படித்தான் கூப்பிட்டார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் ஊரில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. இப்போது அவரே ஓர் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் படுத்திருந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது.

அண்ணன் போனில் சுருக்கமாகச் சொன்னான். "டாக்டர் எதுவும் பிடிகொடுத்துப் பேச மாட்டேங்கறார். பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்னார். நீ கிளம்பி வந்துடு."

டிக்கெட்டுக்கு என்ன செய்வாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் சேர்த்து வைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய உதவித்தொகை விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். நூலகத்தில் புத்தகம் அடுக்கி வருகிற காசில் ஒரு பெட்டி வேண்டுமானால் வாங்கலாம், அந்தப் பெட்டியோடு ஊருக்குப் போக முடியாது. தெரிந்த நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தாள். நாலு பேரும் அவளைப் போலத்தான் இருந்தார்கள்.

விடுதிச் சுவரில் பேரவையின் சுவரொட்டி ஒன்று வெகுநாளாக இருந்தது. ஒரு பெண் பெட்டியோடு ஓடுகிறாள், எதிரே கதவு திறந்திருக்கிறது. கீழே, "வீடு அழைத்தால் நாங்கள் அனுப்புவோம். அவசரப் பயண உதவி." அதை நம்பித்தான் போனாள். நம்பிக்கை என்று சொல்வதுகூட அதிகம். அண்ணன் பேசிய நிமிஷத்திலிருந்து அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. கால் போன பக்கம் போனாள், அது பேரவை அலுவலகமாக இருந்தது.

அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்ட் கதவில் "கூட்டு முயற்சியால் ஏறுவோம்" என்று எழுதி ஒட்டி, படிக்கட்டு இருக்கும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

அவள் சொன்னதையெல்லாம் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் நிறுத்தியபோது கண்ணைத் திறந்தார்.

"உங்க வலியை நாங்க வரவேற்கறோம்" என்றார்.

"நன்றி சார். பயண உதவி இருக்குதா?"

"இருக்கு. இல்லாம எப்படி? பணம்தான் இல்ல."

பேரவை பெரும் பண நெருக்கடியில் இருந்தது. அப்படிச் சொல்வது அங்கே தடை செய்யப்பட்டிருந்ததால், 'மென்மையான காலகட்டம்' என்றார் தலைவர். ஒரு மீட்புக் கமிட்டி போட்டிருக்கிறோம் என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பேசப் பழகியவர்கள் பேசும் விதத்தில் பேசினார்.

"எங்க உயிர்மூச்சே ஒரு கொள்கைதாம்மா. பாதிக்கப்பட்டவங்கதான் வழிநடத்தணும். பசியைப் பத்திப் பேசற கமிட்டில பசிக்கிறவன் உக்காரணும். யாரு ஒரு கஷ்டத்தோட இந்தப் படியேறி வர்றாங்களோ, அந்தக் கஷ்டத்துக்கான கமிட்டில அவங்களை அப்பவே சேர்த்துடுவோம். உலகத்துல வேற எங்கயும் இந்த மரியாதை கிடைக்காது. நீங்க இப்ப மீட்புக் கமிட்டி உறுப்பினர்."

"சார், எனக்கு டிக்கெட் மட்டும் போதும்."

"அந்தப் பணிவு இருக்கு பாருங்க, அதுதான் தலைமைப் பண்பு" என்று சொல்லி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார். அறையில் இருந்த மற்ற இருவரும் ஆட்டினார்கள். கைதட்டினால் சத்தத்தில் யாருடைய மனமாவது புண்படும் என்று பேரவையில் இப்படித்தான் தட்டுவார்கள். சின்னவளும் மரியாதைக்கு இரண்டு விரலை ஆட்டி வைத்தாள். அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது பொருளாளர் கூடவே வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போன, ஒல்லியான இளைஞர்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். கமிட்டில இருக்கறவங்க உதவி வாங்கக்கூடாது. நமக்கு நாமே எடுத்துக் குடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"அப்ப இதுவரைக்கும் யாருதான் வாங்கியிருக்காங்க?"

பொருளாளர் ஒரு படியில் நின்று யோசித்தார். "நல்ல கேள்வி. கேட்டு வந்தவங்க எல்லாரும் கமிட்டிக்கு வந்துட்டாங்க. நானும் அப்படி வந்தவன்தான்."

"உங்களுக்கு யாரு?"

"அம்மா. அஞ்சு வருஷம் ஆச்சு."

"போய்ப் பார்த்தீங்களா?"

"பொருளாளர் ஆயிட்டேனே" என்றார் அவர்.

சின்னவள் அவரையே பார்த்தாள். "நான் விலகிக்கறேன்" என்றாள்.

"தாராளமா விலகலாம். மாநாட்டுல ஏத்துக்கணும், அவ்வளவுதான். மாநாடு நடத்தத்தான் பணமில்ல. பேரவையை மீட்டா மாநாடு நடக்கும், மாநாடு நடந்தா உங்க விலகலை ஏத்துப்பாங்க, ஏத்துக்கிட்டா நீங்க உதவி கேக்கலாம். வழி திறந்துதான் இருக்கு."

இப்படியாக, அப்பாவைப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஒரு சர்வதேச நிறுவனத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது சின்னவளுக்கு விளங்கியது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் கமிட்டி கூடியது. எடுத்த எடுப்பில் கணக்குக்குப் போய்விடுவது மனிதாபிமானம் இல்லையாம். அதனால் முதலில் மனநிலைச் சுற்று. ஓர் ஆரஞ்சு நிறத் தலையணை கைக்குக் கை வரும். அதை மடியில் வைத்திருப்பவர் தன் மனநிலையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். தலைவர் 'விடியல்' என்றார். பிரசாரச் செயலாளர், எதைப் பார்த்தாலும் அதில் ஒரு சுவரொட்டியைப் பார்க்கிற அம்மாள், 'ஓட்டம்' என்றாள். பொருளாளர் வெகுநேரம் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு 'தலையணை' என்றார். சின்னவளிடம் வந்தபோது அவள் "தெரியல" என்றாள். அவ்வளவு நேர்மையான மனநிலையைப் பேரவை பல வருஷமாகக் கேட்டதில்லை என்று எல்லாரும் விரலை ஆட்டினார்கள்.

பிறகு பொருளாளர் அறிக்கை வாசித்தார். ஒளிவுமறைவு இல்லாத அறிக்கை.

"நம்ம செலவு நாலே வகைதான். கூட்டங்கள், கூட்டங்களுக்குப் போய் வர்ற செலவு, போய் வந்ததைப் பத்தின அறிக்கை, அப்புறம் மாணவர்களுக்கு உதவி. இதுல முதல் மூணுல கைவைக்க முடியாது. அதுதான் பேரவையே. அதனால சிக்கனம் பண்றதுன்னா உதவியிலதான் பண்ணணும். அதையும் பண்ணியாச்சு. போன வருஷம் உதவிக்கு ஒண்ணுமே செலவாகல. அப்படியும் பணம் எப்படித் தீர்ந்துச்சுன்னு புரியல."

எல்லாரும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தேநீரை நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்ல, நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு கண்காணிப்பாளரைச் சம்பளத்துக்குப் போடலாம் என்று முடிவானது.

"அந்தச் சுவரொட்டி அச்சடிக்கறதை நிறுத்தலாமே" என்றாள் சின்னவள். "உதவிதான் குடுக்கறதில்லையே."

பிரசாரச் செயலாளர் பதறிவிட்டாள். "சுவரொட்டி இல்லேன்னா கேட்டு வர்றவங்க நின்னுடுவாங்க. அவங்க வரலேன்னா கமிட்டிக்கு ஆள் எங்கேர்ந்து கிடைக்கும்? நீங்களே அதைப் பார்த்துத்தானே வந்தீங்க?"

அது உண்மை.

கடைசியில் தலைவர் ஒரு யோசனை சொன்னார். தூர தேசத்தில் ஒரு கடற்கரை நகரத்தில் மாநாட்டு மண்டபம் தள்ளுபடியில் கிடைக்கிறது. உலகக் கிளைகளையெல்லாம் கூட்டி ஒரு பெரும் மீட்பு மாநாடு நடத்தலாம். கொடையாளர்களைக் கூப்பிடலாம். போகாவிட்டால் அந்தத் தள்ளுபடி பேரவைக்கு நஷ்டம். இருக்கிற பணமில்லாத நிலையில் இன்னொரு நஷ்டத்தைத் தாங்க முடியாது என்பதால் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தார்கள்.

டிக்கெட் கைக்கு வந்ததும் சின்னவள் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். வழியில் விமானம் மாற வேண்டும். மாறுகிற இடம் அவளுடைய ஊர். நடுவில் நாலு மணி நேரம் இருந்தது. விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வண்டியில் அரைமணி.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "வாசல்லயே வண்டியோட நிக்கறேன்" என்றான் அவன். "வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ. அவருக்கு அது போதும்." அந்த ராத்திரி அவள் தூங்கினாள். பல நாளைக்குப் பிறகு சரியாகத் தூங்கினாள்.

கிளம்பும்போது எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைவரிடம் கொடுப்பது பேரவை வழக்கம். ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள் என்பதற்கு அடையாளமாம். ஊர் வந்து இறங்கியதும் சின்னவள் நேராகத் தலைவரிடம் போய்த் தன்னுடையதைக் கேட்டாள்.

"அப்பாவைப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன் சார்."

"கண்டிப்பா. ஒரு மகளோட உரிமை அது" என்றார் தலைவர். பையைத் திறக்கவில்லை. "கமிட்டில ஒரு வார்த்தை கேட்டுட்டா நமக்கும் நிம்மதியா இருக்கும்."

வாசனைத் திரவியக் கடை ஒன்றின் முன்னால் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். ஆரஞ்சுத் தலையணை பெட்டியோடு போய்விட்டதால் யாரோ கழுத்தில் மாட்டியிருந்த தலையணையைக் கழற்றிக் கொடுத்தார்கள். மனநிலைச் சுற்று முடியவே பாதி நேரம் போய்விட்டது, ஏனென்றால் நீண்ட பயணத்தில் எல்லாருக்கும் மனநிலை ஏராளமாகச் சேர்ந்திருந்தது.

"டிக்கெட் பேரவைப் பணம்" என்றார் பொருளாளர், அவளைப் பார்க்காமல். "அதுல வந்து இறங்கி அப்பாவைப் பார்த்தா, அது உதவி வாங்கின மாதிரிதானே? கமிட்டி உறுப்பினர் உதவி வாங்கக்கூடாதே."

"அவர் இங்க வந்து பார்த்தா?" என்று கேட்டாள் பிரசாரச் செயலாளர். "அப்ப அது அவரோட சொந்தச் செலவு."

"அவருக்கு ஆக்சிஜன் வெச்சிருக்காங்க" என்றாள் சின்னவள்.

இந்தப் பிரச்சினையை எல்லாரும் தங்கள் தங்கள் முறை வந்தபோது வரவேற்றார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. போகட்டும் என்றுதான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் மட்டும், தனக்கு இன்னும் முடிவெடுக்கிற மனநிலை கூடிவரவில்லை என்றார். அவசரமாக முடிவெடுப்பது ஒருவகை வன்முறை என்றும் சொன்னார். பேரவையில் ஒருவர் பாக்கியிருந்தாலும் முடிவு முடிவாகாது. அவருக்கு மனநிலை வருவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வறுத்த கடலை வாங்கித் தின்றார். அண்ணன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். "வந்துட்டே இருக்கேன்" என்று அவள் முதல் இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் எடுக்கவில்லை.

கடலை தீர்ந்ததும் அவருக்கு மனநிலை வந்தது. போகட்டும் என்றார். ஏகமனதாக நிறைவேறியது. அத்தனை விரல்களும் ஆடின. தலைவர் பைக்குள் கைவிட்டு அவள் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து இரண்டு கையாலும் நீட்டி, "ஜெயிச்சுட்டீங்க" என்றார். அடுத்த விமானத்துக்கு ஏற அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

அவள் ஏன் வெளியே ஓடவில்லை என்று கேட்கலாம். அவளே பிறகு பல தடவை கேட்டுக்கொண்டாள். ஓடியிருந்தால் திரும்பிவரும் டிக்கெட் போயிருக்கும், படிப்பு போயிருக்கும், உதவித்தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் வரிசையில் நின்றாள் என்றால் பொய். வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள், கையில் பாஸ்போர்ட் இருந்தது, கேட்டவரிடம் காட்டினாள்.

போய் இறங்கியதும் அப்பாவே போனில் பேசினார். மூச்சு வாங்கி வாங்கி வந்தது குரல். "ஜன்னல் வழியாப் பார்த்துட்டே இருந்தேன் சின்னவளே. ஒரு பிளேன் போச்சு. அதுல நீ இருக்கேன்னு வெச்சுக்கிட்டேன்." அவள் "ஆமாப்பா, அதுலதான் இருந்தேன்" என்றாள்.

மாநாட்டில் அவள் மேடையேறிப் பேச வேண்டும் என்று பிரசாரச் செயலாளர் ஏற்பாடு செய்திருந்தாள். பேசுவதற்கு ஒரு தாள் கொடுத்திருந்தாள். அதில் 'எல்லைகளைக் கடந்த தோழமை' என்பது பலமுறை வந்தது. சின்னவள் தாளை மடித்து வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"எங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஜாஸ்தி பேச மாட்டார். லிஃப்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டா மட்டும் பேசுவார். பதறாதீங்க, நான் வெளியதான் நிக்கறேன், எங்கயும் போகலன்னு சொல்லிட்டே வேலை பார்ப்பார். இப்ப அவர் உள்ள மாட்டிக்கிட்டிருக்கார். வெளிய நான் நிக்கணும். நின்னு அதைச் சொல்லணும். அதுக்குத்தான் டிக்கெட் கேட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. முதல் வரிசையில் ஒரு வயதான பெண்மணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொத்தான் தயாரித்தே பெரும் பணக்காரர் ஆனவர். உலகத்தில் பாதிச் சட்டைகள் அவருடைய தயவில்தான் மூடிக்கொண்டிருக்கின்றன என்பார்கள். எழுந்து நின்று ஒரு தொகையைச் சொன்னார். பேரவையின் எல்லாக் கடனையும் அடைத்து, மிச்சத்தில் இன்னொரு பேரவை தொடங்கலாம், அவ்வளவு பெரிய தொகை.

அடுத்த நிமிஷம் மேடைத் திரையில் அப்பாவின் படம் வந்தது. கோப்புக்கு வேண்டும் என்று வாங்கி வைத்திருந்த படம். சுற்றிலும் கறுப்புக் கரை கட்டி, கீழே 'லிஃப்ட் மெக்கானிக் நினைவு நிதி' என்று போட்டிருந்தது.

சின்னவள் படியிறங்கிப் பிரசாரச் செயலாளரிடம் போனாள். "எங்க அப்பா சாகல."

"தெரியும்மா, தெரியாமலா? நேத்தே மூணு மாதிரி தயார் பண்ணி வெச்சேன். 'உடம்பு சரியில்லாத லிஃப்ட் மெக்கானிக் நிதி'ன்னு போட்டா அதுல ஒரு இழுபறி இருக்கு. நினைவு நிதின்னா நிரந்தரமா இருக்கு பாருங்க."

"மாத்திடுங்க. அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"அவங்க அழுதுட்டாங்களேம்மா. அழுதவங்களைக் கூப்பிட்டு, நீங்க அழுதது தப்புன்னு எப்படிச் சொல்றது?"

தலைவர் அவள் தோளில் தட்டினார். "இதை முன்கூட்டியே கிடைச்ச கௌரவமா எடுத்துக்கங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கே செத்ததுக்கு அப்புறம்தான் கிடைக்குது."

அன்றைக்கே அவளுடைய விலகலை ஏற்றுக்கொண்டார்கள், எழுந்து நின்று விரலாட்டி. இனி அவள் உதவி கேட்கலாம். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு நிதி எதற்கு என்று அவசரப் பயண உதவியை நினைவு நிதியோடு சேர்த்துவிட்டார்கள். நினைவு நிதியின் விதி எளிமையானது. பெற்றோரில் ஒருவர் இறந்த மாணவருக்கு, ஊர் போக டிக்கெட். மற்றவர்களுக்கு இல்லை. மாநாட்டிலிருந்து திரும்பும்போது விமானம் அவள் ஊரைத் தொடாமல் வேறு வழியில் போனது.

பணம் வந்த பிறகு பேரவையை அடையாளம் தெரியவில்லை. புது சோபா, புதுத் தரை, நிறுத்தப்பட்ட தேநீர் மறுபடியும், அதைக் கண்காணித்தவருக்குப் பதவி உயர்வு. நிர்வாகச் செலவில் லிஃப்டை மாற்றிப் புத்தம்புதிதாக ஒன்று போட்டு, உள்ளே ஒரு பித்தளைத் தகட்டில் 'ஓர் எளிய மெக்கானிக்கின் நினைவாக' என்று பொறித்திருந்தார்கள். சின்னவள் அதில் ஒரு தடவை ஏறினாள். சத்தமே இல்லாமல் மேலே போனது. அப்பா இருந்தால் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல வேலை என்றிருப்பார். இருந்தால் என்று நினைத்ததை உடனே மாற்றிக்கொண்டாள்.

தலைவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "சார், அவர் உயிரோட இருக்கும்போதே பார்க்கணும். இப்பத்தான் பணம் இருக்கே. ஒரு டிக்கெட்."

தலைவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "நினைவு நிதியை உயிரோட இருக்கறவருக்காகச் செலவழிச்சா, அது மோசடிம்மா. நேர்மையில நாங்க சமரசம் பண்ணிக்கறதே இல்ல."

அன்றிலிருந்து பேரவை அப்பாவின் உடல்நிலையில் மிகுந்த அக்கறை காட்டியது. பிரசாரச் செயலாளர் தினமும் போன் செய்தாள்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"கொஞ்சம் பரவாயில்ல. நேத்து எழுந்து உக்கார்ந்தாராம். பால் குடிச்சாராம்."

"அப்படியா" என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினாள். "ரொம்ப சந்தோஷம். பொத்தான் அம்மா மாசக் கடைசியில வர்றாங்க. முதல் பயனாளியோட ஒரு படம் எடுத்துக்கணும்னு ஆசைப்படறாங்க. வேற ஆளும் தேடிப் பார்த்துட்டோம். அப்பா அம்மா போனவங்க எல்லாரும் ஏற்கெனவே ஏதோ ஒரு கமிட்டில இருக்காங்க."

"சரி" என்றாள் சின்னவள்.

"அவசரமில்ல. சும்மா சொன்னேன்."

இன்னொரு நாள் டாக்டர் ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார் என்று அவள் சொன்னபோது, மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அதற்காக அவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் குணமாக வேண்டும் என்று தலைவர் ஒரு தீர்மானமே கொண்டுவந்தார். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அந்தக் கூட்டம் வருவதற்குள் அண்ணன் போன் செய்துவிட்டான். அவள் நூலகத்தில் மண்ணியல் பகுதியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுடுச்சு" என்றான். அவன் அழுவது கேட்டது. அவள் கையில் இருந்த புத்தகத்தை அதன் இடத்தில் செருகினாள். அடுத்ததையும் செருகினாள். பிறகு பேரவைக்கு நடந்தாள்.

அங்கே அன்று நடந்த வேகத்தைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. மனநிலைச் சுற்று இல்லை. கமிட்டி கூடவில்லை. உலகக் கிளைகளைக் கேட்கவில்லை. அவள் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் டிக்கெட் வந்துவிட்டது. ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். தலைவர் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் முறைப்படி அமைஞ்சுடுச்சும்மா" என்றார்.

டிக்கெட்டைக் கொடுக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பிரசாரச் செயலாளர் அவளைக் கொஞ்சம் இடதுபுறமாகத் திரும்பச் சொன்னாள். அவள் திரும்பினாள்.

பொருளாளர் அவள் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். புது லிஃப்ட் இருந்தும் இருவரும் படியிலேயே இறங்கினார்கள். கீழே வந்ததும் பையைக் கொடுக்காமல் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"பேரவை வரலாத்துலயே வீட்டுக்குப் போற முதல் ஆள் நீங்கதான்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "உங்க அம்மாவை ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கங்க. எனக்காக இல்ல. சும்மா சொல்றேன்."

ஊரில் அண்ணன் வாசலில் வண்டியோடு நின்றான். வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் வேலைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கறை போகாத சட்டைகள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா அவள் முகத்தைத் தடவிப் பார்த்தாள். இளைத்துவிட்டாய் என்றாள். அப்போதுதான், இத்தனை நாளும் இல்லாத அழுகை, வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அம்மா அது ஓயும்வரை சட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"டிக்கெட்டுக்கு என்னடி பண்ணின? கடன் வாங்கினியா?"

"இல்லம்மா."

"பின்ன யாரு எடுத்துக் குடுத்தா?"

"அப்பாதான்மா."

அம்மா அதற்கு ஆச்சரியப்படவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"சொல்லிட்டேதான் இருந்தார், எப்படியாவது அவளை நான் வரவழைச்சுடறேன்னு" என்றாள்.